காளவாய்மேட்டுக்குக் குடிவந்த பக்க எண்கள்

கைபேசியில் புத்தகம் படிக்கிற சிலர், பாதிக் கதையில் நிறுத்தி, இது எத்தனையாவது பக்கம் என்று மேலே பார்த்து, கீழே பார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்து, எண்ணே இல்லை என்று கண்டதும் புத்தகம் செய்தவனைத் திட்டுகிறார்களே, அந்தத் திட்டெல்லாம் போய்ச் சேருவது ஆலந்துறைப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு அந்தப்புறம் இருக்கும் காளவாய்மேட்டில்தான். அதனால் அங்கே யாருக்கும் இதுவரை ஒரு தும்மல்கூட வந்ததில்லை. எண்களைத் திருப்பிக் கொடுக்கிற யோசனையும் அவர்களுக்குக் கிடையாது.

ஒரு காலத்தில் அந்த மேட்டில் செங்கல் சுட்டார்கள். முதலாளி ஒருநாள் சூளையை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட, கல் அறுத்த ஜனங்கள் போக இடமில்லாமல், கடைசியாகச் சுட்ட கல்லை எடுத்துச் சுட்ட இடத்திலேயே சுவர் வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள், முருங்கை காய்த்தது, ஆடு குட்டி போட்டது, ஆனால் நகராட்சிக்கு மட்டும் அது இன்னும் காளவாய்தான். ஆள் இல்லாத, வெந்த கல் மட்டும் கிடக்கிற காளவாய். ஆகவே வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கதவு எண் இல்லாததால் மின்சாரம் கிடையாது, கேஸ் சிலிண்டர் வண்டி ரயில்வே கேட்டோடு திரும்பிவிடும், தபாலெல்லாம் கேட்டுக்கு இந்தப்புறம் மஜீத் பாய் டீக்கடைக்கு வந்து பன் ஜாடிக்குப் பின்னால் செருகிக் கிடக்கும். ஒரு பெண்ணுக்கு வந்த வேலை உத்தரவைப் பன் துண்டு என்று நினைத்து எறும்பு தின்றுவிட்டது என்று சொல்வார்கள். எறும்புக்கு அந்த வேலை கிடைத்ததா என்று பாயைக் கேட்டால், "இன்னும் பயிற்சியிலதான் இருக்கு" என்பார்.

அந்த மேட்டில் சுலோச்சனா என்று ஒருத்தி. புருஷன் சரக்கு லாரியில் வடக்கே போனவன் வடக்கிலேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் அதற்காக அழுத நாளை யாரும் பார்த்ததில்லை. கட்டின வீட்டுக்குப் பூச்சு இல்லை, வாசலுக்கு நல்ல கதவு மட்டும் இருந்தது. அந்தக் கதவுக்குத் தானே வருஷா வருஷம் பச்சை வண்ணம் அடிப்பாள். வண்ணம் காய்ந்ததும் நடுவில் ஒரு கையகலம் சும்மா விட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். எண் வந்தால் எழுத அந்த இடம்.

எண் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. பாதி இடிந்த புகைபோக்கியில் ஒட்டியிருந்தார்கள். காளவாயில் கேட்பாரற்றுக் கிடக்கும் செங்கற்கள் புதிய பேருந்து நிலையப் பணிக்காக அகற்றப்படும் என்று அதில் இருந்தது. சுலோச்சனா அதைக் கிழித்து மடியில் செருகிக்கொண்டு நேரே ஆணையர் வேதமூர்த்தியிடம் போனாள்.

"இது யாருக்கு சார் ஒட்டியிருக்கீங்க?"

"செங்கல்லுக்கு."

"செங்கல்லுக்குள்ள நாங்க இருக்கோம் சார்."

"அப்படியா? கதவு எண் சொல்லும்மா, எழுதிக்கறேன்."

"அதத்தான சார் எங்க அப்பன் காலத்துலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கோம்."

வேதமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண் இல்லன்னா அது வீடு இல்ல. வீடு இல்லன்னா அதுக்குள்ள ஆளும் இல்ல. இப்ப எங்கிட்ட யார் பேசிக்கிட்டிருக்காங்கன்னே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்று சொல்லி, அது நல்ல வேடிக்கை என்று தோன்றவே, பக்கத்திலிருந்த எழுத்தரைப் பார்த்தார். எழுத்தரும் கடமைக்குச் சிரித்தார்.

சுலோச்சனா சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத் தொண்டையில் மீன்முள் போல வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனாள்.

அவள் வேலை பார்த்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. கீழே சாம்பார் கொதிக்கும், கெட்டிமேளம் கொட்டும், மேலே வரிசையாகக் கணினி முன்னால் பெண்கள் உட்கார்ந்து அச்சுப் புத்தகங்களை மின்புத்தகங்களாக ஆக்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தைப் படம் பிடித்தால் இயந்திரம் அதை எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுக்கும். ஆனால் இயந்திரத்துக்கு எது கதை, எது பக்க எண் என்று தெரியாது. கீழ் ஓரத்தில் சிவனே என்று நின்றிருந்த எண்ணையும் பிடித்து வாக்கியத்துக்குள் இழுத்துவிடும். 'அவள் அவிழ்ந்த கூந்தலை அள்ளி 147 முடிந்தாள்' என்று வரும். 'தம்பி, உன்னை நான் 63 மன்னித்துவிட்டேன்' என்று வரும். சுலோச்சனா அப்படி நுழைந்த எண்களைக் கண்டுபிடித்துத் துடைக்கிறவள். கைபேசியில் ஒருவர் எழுத்தைப் பெரிதாக்குவார், ஒருவர் சின்னதாக்குவார். அச்சில் ஒரே பக்கமாக இருந்தது ஒருவருக்கு ஐந்தாகும், ஒருவருக்கு அரையாகும். அங்கே எண்ணுக்கு நிற்க இடமில்லை, ஆகவே வெளியே தள்ளு என்பது அலுவலக உத்தரவு. ஒரே ஒரு விதிதான். ராஜாவுக்கு அறுபது மனைவி என்றிருந்தால் அந்த அறுபது ராஜாவுடையது, அதைத் தொடக்கூடாது. தான் ஒருநாளும் அதில் தவறியதில்லை என்று சுலோச்சனாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்றைக்குத் துடைக்க வந்த முதல் எண்ணைப் பார்த்ததும் அவளுக்கு விரல் ஓடவில்லை. புத்தகத்தோடு பிறந்து, புத்தகத்தோடு வளர்ந்து, இப்போது இடமில்லை என்று தள்ளப்பட்டு முழித்துக்கொண்டு நின்றது அது.

"உனக்கும் இடமில்லன்னுட்டாங்களா?" என்றாள். "வருத்தப்படாத. ரயில்வே கேட்டைத் தாண்டினா எங்க மேடு. அங்க கதவு நிறைய இருக்கு, நம்பர்தான் இல்ல. போய் உட்காரு, நான் சொன்னேன்னு சொல்லு."

பக்கத்து இருக்கை ரெபேக்கா திரும்பிப் பார்த்தாள். "யார்கிட்டக்கா பேசற?"

"நாப்பத்தேழுகிட்ட."

"சரி, நான் அம்பத்திரண்டைக் கேட்டதாச் சொல்லு."

அதோடு நிற்கவில்லை. அன்று துடைத்த ஒவ்வொரு எண்ணிடமும் சுலோச்சனா அதையே சொன்னாள். கீழே யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறுகிறபோதும் சொன்னாள், பந்தி நடக்கிறபோதும் சொன்னாள், வாய் வலிக்க வலிக்கச் சொன்னாள், ஒரு கட்டத்தில் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் சந்தை கலைந்து ஜனங்கள் திரும்புகிற நேரத்துக்கு, அவர்களோடு கலந்து, எண்கள் ரயில் பாதை ஓரமாக நடந்து வந்தன. ஒன்றுகள் ஒடிசலாக முன்னால் வந்தன, எட்டுகள் உருண்டு வந்தன, ஏழுகள் அறுவடைக்குப் போய்வந்தவை போல அரிவாள் தூக்கி வந்தன. பழைய சித்த வைத்தியப் புத்தகத்தின் தமிழ் எண்கள் கால் மடக்கித் தாங்கித் தாங்கி வந்தன. கேட் போட்டிருந்ததால் சரக்கு வண்டி போகும்வரை நின்று, கேட் திறந்ததும் கடந்து, மஜீத் பாயிடம் வழி கேட்டன என்று பாய் சொல்கிறார். எப்படிக் கேட்டன பாய் என்றால், "எல்லாரும் எப்படிக் கேட்பாங்களோ அப்படித்தான்" என்பார். மேட்டில் ஏறி ஆளுக்கொரு கதவாகப் பார்த்து உட்கார்ந்தன. கதவு இல்லாமல் புடைவை தொங்கிய வீட்டில் புடைவையில் உட்கார்ந்தன. சுலோச்சனா வேலை முடிந்து வந்து பார்த்தபோது, பச்சைக் கதவில் அவள் விட்டுவைத்த கையகலத்தில், அளவெடுத்தது போல ஒரு நாலு உட்கார்ந்திருந்தது.

"எனக்கு எண்பத்தெட்டு" என்றாள் எதிர்வீட்டுத் தவமணி, மீன் கூடையை இறக்கிக்கொண்டே. "உனக்கு மட்டும் நாலு. சொன்னவளாச்சே, முன்னாடியே இடம் பிடிச்சுக்கிட்ட."

இந்த மாதிரி ஒன்று நடந்தால் மற்ற ஊர்களில் சூடம் கொளுத்துவார்கள், உண்டியல் வைப்பார்கள். காளவாய்மேட்டில் அதற்கெல்லாம் நேரமில்லை. அவர்கள் செய்த முதல் காரியம், தபால்காரர் உத்தண்டியைக் கேட்டைத் தாண்டி மேலே கூப்பிட்டது. உத்தண்டி சைக்கிளை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்தார். பன்னிரண்டுக்கு அடுத்து முந்நூற்று நாற்பது, அதற்கு அடுத்து ஒன்பது, ஒன்பதுக்கு எதிரே இன்னொரு பன்னிரண்டு. ஒரே எண் இரண்டு கதவில் இருந்தால் எழுத்தின் வாகைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இது கனத்த பன்னிரண்டு, சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது. அது சாய்ந்த பன்னிரண்டு, கவிதைப் புத்தகத்திலிருந்து வந்தது. உத்தண்டி அதையெல்லாம் மெட்டுப் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு பாடிக்கொண்டே தபால் கொடுத்தார். தபால் வராதவர்கள் தங்களுக்குத் தாங்களே கடுதாசி எழுதிப் போட்டார்கள், வாசலில் தங்கள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும் என்பதற்காக.

மேட்டின் தொடக்கத்தில் தார்ப்பாய்க் குடிசைகள் போட்டிருந்தவர்களுக்குப் புத்தகத்தின் முன்னுரைப் பக்கங்களில் வருகிற ரோமன் எண்கள் வந்து வாய்த்தன. "எங்களுக்கு மட்டும் ஏன் இந்தக் குச்சிகுச்சியா இருக்கறது?" என்று அவர்கள் கேட்க, நீங்கள் இன்னும் கதைக்குள் வரவில்லை, சுவர் எழுப்பினால் வந்துவிடலாம் என்று சுலோச்சனா விளக்கினாள். அந்த வருஷமே சுவர் எழுப்பினார்கள்.

எண்ணோடு அதன் பக்கத்தில் இருந்ததும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. அதையும் மேடு சகித்துக்கொண்டது. கொலைக்கதையின் பக்கம் உட்கார்ந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் 'உப்பு எங்கே' என்று கேட்பதற்குக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லப் பேசினார்கள். சட்டப் புத்தக வீட்டில் மாமியார் மருமகள் சண்டை உட்பிரிவு உட்பிரிவாக நடந்தது. தவமணியின் எண்பத்தெட்டும், தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் அவளோடு முகம் பார்க்காமலிருந்த சரோஜாவின் எண்பத்தொன்பதும் ஒரே நாவலிலிருந்து வந்தவை. எண்பத்தெட்டாம் பக்கம் வாக்கியத்தின் நடுவில் முடிந்து எண்பத்தொன்பதில் தொடர்ந்திருக்க வேண்டும். அதனால் தவமணி "நாசமாப் போறவளே, உன் குடும்பம்" என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு வார்த்தை வராது. நாலு வீடு தள்ளி, அரிசி களைந்துகொண்டிருக்கும் சரோஜாவின் வாயிலிருந்து "நல்லா இருக்கட்டும்" என்று அவளை அறியாமல் வந்து விழும். திட்டை முடிக்க முடியாமல் எத்தனை நாள்தான் விரோதம் காப்பது? இரண்டு பேரும் இப்போது ஒரே குழாயில் ஒன்றாகத்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

சுலோச்சனா வீட்டில் எல்லாம் கரித்தது. சோறு கரித்தது, மோர் கரித்தது, விருந்தாளிக்குக் கொடுத்த வெறும் தண்ணீர் கரித்தது. கிணற்றில் உப்பு ஏறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதே கிணற்றுத் தண்ணீரை நன்றாகத்தான் குடித்தார்கள் என்பதை அவள் யோசிக்கவில்லை. கதவில் எண் வந்த மகிழ்ச்சியில் அவளுக்கு நாக்கு ஒரு பொருட்டாக இல்லை.

மின்சாரம் வந்தது. மின்வாரியத்து ஆளுக்கு எண்தான் தேவை, அது எங்கே பிறந்தது என்று கேட்பது அவர் வேலையில்லை. பள்ளிக்கூடத்தில் முகவரி கேட்டபோது பிள்ளைகள் தலை குனியவில்லை. வேதமூர்த்தி மட்டும் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு முகம் சிவந்து போனார். எண் உள்ள வீட்டைச் செங்கல் என்று சொல்லி இடிக்க முடியாது. அந்த எண்ணைக் கொடுத்தது யார் என்று சட்டத்தில் எந்த இடத்திலும் கேட்கவில்லை. வெள்ளையடிக்கிறவர்களை அனுப்பினார். சுண்ணாம்பு பூசி ஏணியிலிருந்து இறங்குவதற்குள் எண் சுண்ணாம்புக்கு மேலே ஏறி உட்கார்ந்து முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. ஒரு கதவையே கழற்றி மூன்று சக்கர வண்டியில் ஏற்றினார்கள். எண் இறங்கி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு, கதவு போவதைப் பார்த்தது. எண்கள் எங்கிருந்து வந்தவை என்று விசாரித்து, கடைசியில் கல்யாண மண்டபத்து மாடிக்கே ஆள் அனுப்பினார். உங்கள் சரக்கு என் எல்லையில் கிடக்கிறது, வந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்றார்.

மாடி அலுவலகத்தின் மேலாளர் பெனடிக்ட் நல்ல மனிதர், பயந்த மனிதர். அவர் மேட்டுக்கு வந்து, சுலோச்சனா போட்ட நாற்காலியில் பாதி உடம்போடு உட்கார்ந்தார்.

"நான் சண்டைக்கு வரல சுலோச்சனா. எனக்கும் தலைவலி. படிக்கிறவங்ககிட்டேர்ந்து புகார் மேல புகார். இந்த வரி எந்தப் பக்கத்துல இருக்குன்னு பேராசிரியருங்க கேட்கறாங்க. எழுதறவங்க மேற்கோள் காட்ட முடியலையாம். ஒருத்தர் பாதியில தூங்கிட்டு, எழுந்து எங்க விட்டோம்னு தெரியாம முதல்லேர்ந்து படிச்சிருக்கார். நீ அனுப்பிச்ச எண்ணு, நீ கூப்பிட்டா வரும். கூப்பிடும்மா."

"துடைக்கச் சொன்னது யார் சார்?"

"நாங்கதான். அதுக்காக..."

"கிழவர் எழுத்தைப் பெருசு பண்ணிப் படிக்கிறார், சின்னப் பொண்ணு பொடிசா வச்சுப் படிக்குது. திரும்பி வந்தா எங்க நிக்க வைப்பீங்க அதுங்களை? வாசல்ல நிக்க வச்சு மறுபடியும் தள்ளுவீங்க. வெளிய தள்ளினது நீங்க. வச்சுக்கிட்டது நாங்க. இப்ப அதுங்க எங்க வீட்டு ஆளுங்க."

"கூப்பிடலன்னா நாளைலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்னு மேலிடத்துல சொல்லச் சொன்னாங்க."

"சொல்லியாச்சுல்ல சார். டீ குடிங்க."

பெனடிக்ட் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தார். விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னத்தில் வைத்துக்கொண்டு கையால் சைகை செய்தார். பிறகு விழுங்கினார்.

"கோவம் இருந்தா வாயால திட்டும்மா. டீயில ஏன் இத்தனை உப்பு?"

"நான் சர்க்கரைதான் சார் போட்டேன். இந்த வீட்டுல எல்லாமே இப்படித்தான்."

"வேடிக்கைதான். அங்க என்னடான்னா உப்பில்லன்னு புகார். நாம செஞ்ச சமையல் புத்தகத்தைப் பார்த்து மாங்கா ஊறுகா போட்டிருக்காங்க ஜனங்க. உப்புன்னு மட்டும் இருக்காம், எத்தனை கைப்பிடின்னு இல்லையாம். குத்துமதிப்பாப் போட்டு ஊர் ஊரா ஜாடி ஜாடியாப் பூஞ்சை பிடிச்சுப் போச்சு."

சுலோச்சனா எழுந்து கதவருகே போனாள். அந்த நாலைக் கிட்டத்தில் பார்த்தாள். மற்ற கதவுகளில் இருந்ததெல்லாம் ஓரத்தில் தனியாக நின்று பழகியவை, நிமிர்ந்து நிற்பவை. இதற்கு இரண்டு பக்கமும் வார்த்தைகள் இருந்து பிய்ந்த அடையாளம் இருந்தது. கோபத்தில் துடைத்துக்கொண்டே போன அந்த ஒருநாள், கை தவறி, உப்புக்குச் சொந்தமான நாலையும் பிடுங்கி அனுப்பியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் மஜீத் பாய் கடையில் மேடு முழுக்கக் கூடிவிட்டது.

"அந்த நாலை விட்டுடாத" என்றாள் தவமணி. "ஊறுகா கெட்டா வேற போட்டுக்கட்டும். மாங்கா மறுபடி காய்க்கும். வீடு காய்க்குமா?"

"துரத்தி விட்டதைத்தான் அக்கா நாம வச்சிருக்கோம். இதை யாரும் துரத்தல. வேலையில இருந்த எண்ணு இது, நான் பிடுங்கிக்கிட்டு வந்தது. இதையும் வச்சுக்கிட்டா நமக்கும் வேதமூர்த்திக்கும் என்ன வித்தியாசம்? மத்தது எதையும் தர மாட்டேன்னு நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லணும்னா இதைக் கொடுத்துட்டுத்தான் சொல்லணும்."

"உன் ஒரு வீடுதான்டி நம்பர் இல்லாம நிக்கும். முதல்ல அதைத்தான் இடிப்பான்."

"இடிக்கட்டும், பார்க்கலாம்."

பாய் பால் சட்டியை இறக்கி வைத்தார். "இந்தப் பொண்ணு உப்புப் போட்டுத் தின்னவதான்யா" என்றார்.

வீட்டுக்கு வந்து சுலோச்சனா நாலின் தலையைத் தடவி, "உன் இடம் உனக்கு இருக்கு, போ" என்றாள். அது இறங்கி, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து, ரயில் பாதை ஓரமாகப் போய் மறைந்தது. அவள் உள்ளே போய் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தாள். இனித்தது. இனிப்பு அவளுக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை.

ரெபேக்கா வேலை விட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். "உன் இருக்கையில என்னைப் போட்டுட்டாங்கக்கா. பெரிய சரக்கு வந்து இறங்கியிருக்கு, கலைக்களஞ்சியமாம், தொகுதி தொகுதியா அடுக்கி வச்சிருக்கான். எல்லாத்துலயும் பக்க எண்ணைத் துடைக்கணும். என்ன சொல்லித் துடைக்கறது?"

"நான் என்ன சொன்னேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வாயால கேட்கணும்னு வந்தேன். மாடி முழுக்க எல்லாப் பொண்ணுங்களும் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

காலையில் ஜே.சி.பி. வந்தது. மஞ்சளாக, கழுத்தை ஆட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறியது. பின்னால் ஜீப்பில் வேதமூர்த்தி. எண் போன செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. அவர் இறங்கி வரிசையாகக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே வந்து, பச்சைக் கதவின் முன்னால் நின்றார். நடுவில் கையகலம் காலியாக இருந்தது.

சுலோச்சனா வாசலில் நின்றாள். பின்னால் தவமணி, சரோஜா, உத்தண்டி, பாய், மேடு மொத்தமும்.

"எண் எங்கம்மா?"

"இல்ல சார்."

"அப்ப இது வீடு இல்ல."

"நீங்க புத்தகம் படிச்சிருக்கீங்களா சார்?"

வேதமூர்த்திக்குச் சுருக்கென்றது. "என்ன கேள்வி இது?"

"அட்டையைத் திறந்தா முதல் பக்கம் ஒண்ணு இருக்கும் பாருங்க, புத்தகத்தோட பேரு போட்டது. எந்தப் புத்தகத்துலயாவது அந்தப் பக்கத்துல எண்ணு பார்த்திருக்கீங்களா? போட மாட்டாங்க. எண்ணிக்கையில மட்டும் அது இருக்கும். நம்பர் இல்லன்னு எவனாவது அதைக் கிழிச்சிருக்கானா? அங்கேர்ந்துதான் சார் புத்தகமே ஆரம்பிக்குது. இந்த மேட்டுக்குத் தலைப்புப் பக்கம் என் வீடு. கிழிச்சுத்தான் பாருங்களேன்."

"சட்டத்துல அப்படி எதுவும் இல்ல" என்றார் வேதமூர்த்தி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, கை இறங்கவில்லை. கையை அசைத்தார். ஜே.சி.பி. ஓட்டுநர் ஒரு தடவை சுலோச்சனாவைப் பார்த்தார், ஒரு தடவை ஆணையரைப் பார்த்தார், வேலையை நினைத்துக்கொண்டு வாளியை உயர்த்தினார். சுலோச்சனா நகரவில்லை. பச்சைக் கதவில் முதுகை ஒட்டி, அந்தக் கையகலத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரத்தில் கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் மேடு வரைக்கும் கேட்டது. மேளத்துக்குப் பின்னாலேயே, முதல் மழைக்கு மண்ணிலிருந்து ஈசல் கிளம்புகிற மாதிரி, மாடி ஜன்னல்களிலிருந்து எண்கள் கிளம்பின. நடந்து வர இவற்றுக்குப் பொறுமையில்லை, பறந்து வந்தன. கலைக்களஞ்சியத்தின் எண்கள் அல்லவா, எல்லா விஷயமும் தெரிந்தவை, எங்கே உட்கார வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. முருங்கை மரத்தில் உட்கார்ந்தன, ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்தன, குழாயடியில், இடிந்த புகைபோக்கியில், பாயின் பன் ஜாடியில், உத்தண்டியின் சைக்கிளில் உட்கார்ந்தன. ஜீப்பின் மூக்கில் ஆயிரத்து நானூற்றுப் பதினெட்டு உட்கார்ந்தது. தூக்கிய வாளியில் ஆயிரத்து நானூற்றுப் பத்தொன்பது உட்கார்ந்தது. சுலோச்சனாவின் கதவில் மட்டும் ஒன்றும் உட்காரவில்லை. ஈசல் கூட்டம் அந்தக் கதவு வரை வந்து, மரியாதையாக விலகி, இரண்டாகப் பிரிந்து போனது.

தூக்கிய வாளி தூக்கியபடியே நின்றது. ஓட்டுநர் முன்னால் தள்ளிப் பார்த்தார், பின்னால் இழுத்துப் பார்த்தார், இறங்கி வந்து சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்தார். வண்டி உறுமியது, அசையவில்லை. ஜீப்பும் அப்படியே.

"என்னய்யா ஆச்சு?" என்று வேதமூர்த்தி கத்தினார்.

ஓட்டுநர் வாளியிலிருந்த எண்ணைச் சாவகாசமாகப் படித்துவிட்டுச் சொன்னார். "இது இந்த ஊர்ப் புத்தகத்துல ஒரு பக்கம் ஆயிடுச்சு சார். இனிமே தனியாக் கிளம்பாது."

தவமணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "சார், நீங்க" என்று ஆரம்பித்தாள். வார்த்தை நின்றுவிட்டது. பக்கத்திலிருந்து சரோஜா, "நடந்தே போகலாம், வெயில் ஏறல" என்று முடித்தாள்.

வேதமூர்த்தி நடந்தேதான் போனார். பேருந்து நிலையம் வேறு எங்கோ கட்டினார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜீப் இப்போது காளவாய்மேட்டின் தபால் நிலையம். முன் இருக்கையில் உத்தண்டி, பின் இருக்கையில் மூட்டை. ஜே.சி.பி. ஓட்டுநர் கொஞ்ச நாள் வண்டிக்குக் காவல் இருந்துவிட்டு, பிறகு ஊரில் வாடகை வீட்டைக் காலி செய்து பெண்டாட்டி பிள்ளையோடு அந்த வண்டியிலேயே குடியேறிவிட்டார். அவர்கள் வீட்டு வாளியில் கோழி அடைகாக்கிறது. அந்த வீட்டுக் குழந்தை தொட்டில் கட்டாமலே ஓட்டுநர் இருக்கையில் தூங்குகிறது. மாடி அலுவலகத்தில் சுலோச்சனாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் அவள் வராமல் கணினி விசையைத் தொட மாட்டோம் என்று மற்ற பெண்கள் எல்லாரும் மறுத்துவிட்டார்கள். அவள் போனாள். உப்புக்கும் ராஜாவுக்கும் சொந்தமான எண்களை இப்போது இரண்டு தடவை பார்க்கிறாள். மற்றவற்றிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் அனுப்புகிறாள். மேட்டில் இடம் நிரம்பி, எண்கள் இப்போது பக்கத்து ஏரிக்கரைக்கும், அதற்கடுத்த கல்லாங்குத்துக்கும் குடிபோக ஆரம்பித்திருக்கின்றன. அங்கெல்லாம் கதவு நிறைய இருக்கிறது.

ஆகவே, உங்கள் கைபேசிப் புத்தகத்தில் பக்க எண் இல்லையென்றால் புகார் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். அது தொலைந்து போகவில்லை, சௌக்கியமாக இருக்கிறது. பார்த்தே ஆகவேண்டும் என்றால் ஆலந்துறைப்பேட்டையில் இறங்கி, ரயில்வே கேட் திறக்கிற வரைக்கும் மஜீத் பாய் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, மேலே ஏறி வாருங்கள். எந்தப் பக்கம் வேண்டுமோ தேடிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்சம் நில்லுங்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தில் ஆள் குடியிருக்கிறது.